திராவகமும் மந்திரமும்

(வாலிபர் படிப்பகக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வெடியுப்புத் திராவகம் என்பதாகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை நைட்ரிக் அமிலம் என்கிறார்கள். நகைப் பட்டறையில் வெறுமனே ஆசிட் என்று சொன்னாலே பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். இதென்ன, பொதுக்கூட்டத்தில் இரசாயனப் பாடமா என்று சிலர் நினைக்கலாம். பாடந்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பாடத்தை மாணவர்கள் பரீட்சைக்காகப் படித்துவிட்டுப் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். பட்டறைத் தொழிலாளர்களோ பாடத்தைப் படிக்காமலே அதன் புகையை மாத்திரம் சுவாசிக்கிறார்கள். மந்திரவாதி என்பவன் பாடத்தில் இரண்டொரு வரியை மாத்திரம் தெரிந்துகொண்டு ஊரை ஏமாற்றுகிறான். இம்மூவரில் லாபம் அடைகிறவன் மூன்றாவது ஆள் ஒருவனே. ஆதலால் இப்பாடத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டியது அவசியமாகிறது.

முதலில் இந்தத் திராவகம் இன்னதென்று பார்ப்போம். ஒரு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு பிராணவாயு ஆகிய அணுக்கள் சேர்ந்தது இதன் மூலக்கூறு. சுத்தமாயிருக்கும்போது தண்ணீரைப்போல நிறமற்றிருக்கும். ஆனால் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இது 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடையில் விற்பது 100க்கு 68 பங்கு திராவகமும் மிச்சம் தண்ணீரும் கலந்தது. வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல மெல்லச் சிதைந்து, பழுப்பு நிற வாயு ஒன்று அதில் கரைந்து, மஞ்சளாகப் போய்விடும். அதனாலேதான் அதைப் பழுப்புக் கண்ணாடிச் சீசாவில் அடைத்து வைக்கிறார்கள்.

திராவகம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று எண்ணிவிடக் கூடாது. உப்புத் திராவகத்தில் துத்தநாகத்தைப் போட்டால் ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டுக் கிளம்பும். அதே உப்புத் திராவகத்தில் செம்புக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. செம்பு போட்டது போட்டபடியே கிடக்கும். ஆனால் வெடியுப்புத் திராவகத்தில் அந்தச் செம்பைப் போட்டுப் பாருங்கள்! திராவகம் நீலமும் பச்சையுமாக மாறும்; செங்கல் நிறத்தில் புகை குபுகுபுவென்று எழும்பும்; செம்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்து போகும். காரணம் என்னவென்றால், இந்தத் திராவகம் வெறும் புளிப்பு மாத்திரமல்ல. தன்னிடமுள்ள பிராணவாயுவைக்கொண்டு எதிரேயிருக்கும் பொருளை எரிப்பதுபோல் தாக்குகிற குணமும் அதற்கு உண்டு. விறகு நெருப்பில் எரிகிறது. செம்பு இதிலே நெருப்பில்லாமல் எரிகிறது என்று சொன்னாலும் பெரிய தப்பாகாது. மரத்தூளும் வைக்கோலும் சாக்கும் கெட்டியான திராவகத்தில் நனைந்தால் தாமாகவே தீப்பற்றிக்கொள்வதும் இக்குணத்தினாலேதான்.

இந்த இடத்தில் அமெரிக்கா தேசத்து இரசாயன ஆசிரியர் ஐரா ரெம்சன் என்பவரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பின்னால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் தலைவராக 1901இல் அமர்ந்தவர் இவர். வாலிபப் பருவத்தில் ஒரு வைத்தியரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, வெடியுப்புத் திராவகம் செம்பின்மேல் வேலை செய்யும் என்று ஒரு புத்தகத்தில் படித்தாராம். வேலை செய்யும் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. மேஜைமேல் ஒரு செம்புக் காசை வைத்து அதன்மேல் திராவகத்தை ஊற்றினார். காசு பொங்கிற்று, புகை எழும்பி மூச்சுத் திணற அடித்தது. பயந்துபோய்க் காசை விரலால் எடுத்தார். திராவகம் விரல்மேலும் வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டார். விரலைக் காற்சட்டையில் துடைத்தார். காற்சட்டைமேலும் வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டார். தாம் செய்த சோதனைகளிலெல்லாம் மனதில் மிகவும் ஆழப் பதிந்தது இதுவே என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்லி வந்தார்.

தோழர்களே, இந்தக் கதையைக் கேட்டு நீங்கள் வீட்டில் திராவகத்தைக் கொட்டிப் பார்க்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பாமல், எழுதியிருப்பதற்கு அர்த்தம் என்ன என்று கேட்கிற புத்தி இருக்கிறதே, அந்தப் புத்திதான் ஒரு வாலிபனைப் பேராசிரியனாக்கிற்று என்பதைத்தான் சொல்லுகிறோம். நம்மவர்களோ ஓலையில் எழுதியிருக்கிறது என்றால் போதும், அர்த்தம் கேட்பதுகூடப் பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோம்.

நிற்க, இத்திராவகத்தின் இன்னொரு குணத்தைப் பாருங்கள். தோலின்மேல் ஒரு துளி பட்டால் அவ்விடம் மஞ்சளாகிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வளர்ந்தால்தான் போகும். தோலிலும் பட்டிலும் கம்பளியிலும் நகத்திலும் புரதம் என்ற பொருள் இருக்கிறது. அதிலுள்ள சில பாகங்களோடு திராவகம் சேர்ந்து மஞ்சள் நிறப் பொருளை உண்டாக்குகிறது. பருத்தி நூலில் புரதம் இல்லாததால் அதில் இந்த மஞ்சள் பிடிப்பதில்லை. இப்போது ஒன்று கேட்கிறோம். பட்டையும் பருத்தியையும் பிரித்துச் சொல்லக்கூடிய இந்தத் திராவகத்துக்கு, ஒரு ஜாதியான் தோலையும் இன்னொரு ஜாதியான் தோலையும் பிரித்துச் சொல்லத் தெரியுமா? முகத்திலிருந்து பிறந்த தோல், காலிலிருந்து பிறந்த தோல் என்ற வித்தியாசம் அதற்குப் புலப்படுமா? எல்லாத் தோலும் ஒரே மஞ்சள்தான். வித்தியாசம் பொருளில் இருந்திருந்தால் சோதனையில் அகப்பட்டிருக்கும். அகப்படாததால் அது பொருளில் இல்லை, நம்முடைய புத்தியில் புகுத்தப்பட்டது என்று ஏற்படுகிறதா இல்லையா?

அடுத்தபடியாக, மந்திரவாதிகள் செய்யும் வேலைக்கு வருவோம். பாதரசத்தை இத்திராவகத்தில் கரைத்து, அந்த நீரைச் செம்புக் காசின்மேல் தடவினால் காசு வெள்ளிபோல் பளபளவென்று ஆகிவிடும். செம்பை வெள்ளியாக்கிவிட்டார் சாமியார் என்று பாமர மக்கள் காலில் விழுவார்கள். நடந்தது என்ன? செம்பு கொஞ்சம் கரைந்தது, நீரிலிருந்த பாதரசம் காசின்மேல் படிந்தது, அவ்வளவே. அந்தக் காசை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாய்ப் போய்ப் பழைய செம்பு பல்லை இளிக்கும். அந்த ஆவியோ கொடிய விஷம். அதுபோலவே, செம்பு கரைந்த நீல நீரில் இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் கத்தி செம்பாய்க் காணும். இரும்பு செம்பாக மாறவில்லை. நீருக்குள் ஒளிந்திருந்த செம்பு வெளியே வந்து ஒட்டிக்கொண்டது, அதன் இடத்துக்கு இரும்பு நீருக்குள் போயிற்று. தராசு ஒன்று கையிலிருந்தால் இந்த அற்புதத்தின் கணக்கை ஒரு குன்றிமணி பிசகாமல் சொல்லிவிடலாம்.

இரும்பைப்பற்றிச் சொன்னதால் மற்றொரு வேடிக்கையும் சொல்லவேண்டும். நீர் கலந்த திராவகத்தில் இரும்பு பொங்கிக் கரையும். நல்ல கெட்டியான திராவகத்திலோ கரையாமல் சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்ததை எடுத்து, பிறகு நீர் கலந்த திராவகத்தில் போட்டாலும் உடனே கரையாது. மேலே கீறிவிட்டாலோ உடனே பொங்கத் தொடங்கும். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்பவரும் ஸ்விட்சர்லாந்திலிருந்த ஷோன்பைன் என்பவரும் 1836இல் இதை ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துருப்போர்வை ஒன்று இரும்பை மூடிக்கொள்ளுவதே காரணம் என்று பாரடே யூகித்தார். அந்த யூகம் பின்னால் உறுதிப்பட்டது. இந்த இரும்புத் துண்டு ஒரு சாமியார் கையில் அகப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? திராவகமும் தீண்ட முடியாத திவ்ய இரும்பு என்று அதற்கு ஒரு கோயிலும், ஒரு ஸ்தலபுராணமும், ஓர் உண்டியலும் ஏற்பட்டிருக்காதா? பாரடேயோ கருமான் ஒருவரின் மகன். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் கண்டதை ஊரறிய அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் செய்து பாருங்கள் என்று விட்டுவிட்டார். அற்புதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். முன்னது ஒளிக்கிறது, பின்னது காட்டுகிறது.

இனி, இத்திராவகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிப்போம். சுமார் 1300ஆம் ஆண்டையொட்டி, ஜாபிர் என்னும் அரபு அறிஞரின் பெயரை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஏடுகளில் வெடியுப்பையும் துருசையும் படிகாரத்தையும் சேர்த்துக் காய்ச்சி இதை இறக்கும் முறை காணப்படுகிறது. ஈயத்தைப் பொன்னாக்கப் பாடுபட்டவர்கள் அவர்கள். பொன் கிடைக்கவில்லை, ஆனால் பொன்னையும் வெள்ளியையும் பிரிக்கும் திராவகம் கிடைத்தது. வெள்ளி இதில் கரையும், தங்கம் கரையாது. கலப்புத் தங்கத்தோடு ஏறக்குறைய மூன்று பங்கு வெள்ளி இருக்கும்படி சேர்த்து உருக்கி, மெல்லிய தகடாக அடித்து, இதில் போட்டுக் காய்ச்சினால் வெள்ளியும் செம்பும் கரைந்துபோய்த் தங்கம் மாத்திரம் நிற்கும். நம் ஊர் ஆசாரிமார் இந்த வேலையைப் பரம்பரையாய்க் கையால் அறிந்தவர்கள்.

திராவகத்துக்குத் தாயாகிய வெடியுப்பு எங்கே விளைகிறது? மாட்டுத் தொழுவத்திலும், பழைய மண்சுவரடியிலும், சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணிலும் விளைகிறது. அவ்விடங்களில் வெள்ளையாய்ப் பூக்கும் மண்ணைச் சுரண்டி, நீர் விட்டு வடித்து, காய்ச்சி, உப்பாக எடுக்கும் தொழிலைப் பீகார் தேசத்தில் செய்து வந்தவர்கள் நோனியா என்ற ஜாதியார். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பாட்னாவில் கப்பல் கப்பலாக வாங்கிச் சென்றது இந்த உப்பைத்தான். ஐரோப்பாவின் பீரங்கிகள் வெடித்தது இந்த உப்பினாலேதான். அதை எடுத்துக் கொடுத்தவர்களுக்கோ தாழ்ந்த ஜாதி என்ற பட்டந்தான் கிடைத்தது. வடித்தல், காய்ச்சல், உறையவைத்தல் ஆகிய மூன்றும் இன்றைக்கும் இரசாயன சாலையில் முதல் பாடம். அதைக் கையால் செய்தவன் கீழானவன், அதைத் தொடாதவன் மேலானவன் என்பது எந்த ஊர் நியாயம்?

அன்றியும், அசுத்தமான மண்ணில் உப்பு எப்படி விளைகிறது என்பதை 1877இல் பிரெஞ்சு தேசத்து ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சோதித்தார்கள். சாக்கடை நீரை மணலின் வழியாக வடியவிட்டபோது அதிலிருந்த அம்மோனியா வெடியுப்புச் சத்தாக மாறிற்று. மயக்க மருந்தாகிய குளோரபார்மைச் சேர்த்தவுடன் மாற்றம் நின்றுபோயிற்று. மயக்க மருந்து உயிருள்ளதையே மயக்கும். ஆகவே இதைச் செய்வது மண்ணிலுள்ள கிருமிகள் என்று ஏற்பட்டது. பூமாதேவியின் கிருபை என்று கும்பிட்டு உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

வானத்திலிருந்தும் இது வருகிறது. மின்னல் வெட்டும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்து, மழைநீரில் கரைந்து, மிகக் கொஞ்சமான வெடியுப்புத் திராவகமாய் இறங்குகிறது. இந்திரனுடைய வஜ்ராயுதம் என்று புராணத்தில் பயமுறுத்தி வந்த அந்த மின்னலின் வேலையை ஹென்றி கேவண்டிஷ் என்பவர் 1785இல் லண்டனில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய்க்குள் மின்பொறியை விட்டுச் செய்து காட்டினார். 1905இல் நார்வே தேசத்தில் அதே வேலையைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். வஜ்ராயுதம் மாதச் சம்பளத் தொழிலாளியின் கைப்பிடிக்குள் வந்துவிட்டது!

இன்று உலகமெங்கும் நடப்பது ஜெர்மானியரான ஆஸ்ட்வால்டு என்பவர் 1902இல் உரிமைப்பதிவு செய்த முறையாகும். அம்மோனியா வாயுவையும் காற்றையும் கலந்து, சுமார் 900 டிகிரி சூட்டிலுள்ள பிளாட்டினம் வலையின் வழியாகச் செலுத்தி, வருகிற வாயுவை மேலும் காற்றோடு சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் திராவகம் கிடைக்கிறது. இப்படிச் செய்வதில் மிகப் பெரும் பாகம் உரத்துக்கே போகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வழி ஏற்பட்டிராவிட்டால் இன்றைய உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சோறு இராது என்று கணக்கிடுகிறார்கள்.

ஆனால் அதே திராவகம் வெடிமருந்துக்கும் தாய். வெடியுப்புப் பாலைவனத்துக்காக 1879 முதல் சிலி, பெரு, பொலிவியா ஆகிய மூன்று நாடுகள் சண்டையிட்டு மாண்டன. 1914இல் தொடங்கிய யுத்தத்தில் சிலியிலிருந்து கப்பல் வராதபடி ஜெர்மனியை மடக்கியபோது, காற்றிலிருந்து திராவகம் செய்தே அவர்கள் நான்கு வருஷம் பீரங்கி சுட்டார்கள். யுத்தமில்லாத காலத்திலும் அஜாக்கிரதை ஆளைக் கொல்லும். 1921இல் ஜெர்மனியில் ஒப்பாவு என்ற ஊரில் உரக்குவியல் வெடித்து ஐந்நூறு பேருக்குமேல் மாண்டார்கள். 2020 ஆகஸ்டு 4ந் தேதி பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்குமேல் மாண்டார்கள். வருஷக்கணக்காய் அது அங்கே கிடந்ததை அதிகாரிகள் அறிந்தே இருந்தார்கள். இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவன் குற்றவாளியைத் தப்பவிடுகிறவனாவான்.

தங்கத்தை இந்தத் திராவகம் தனியே தொடாது என்று சொன்னோம். ஆனால் ஒரு பங்கு இதனோடு மூன்று பங்கு உப்புத் திராவகத்தைச் சேர்த்தால் அது இராஜ திராவகமாகித் தங்கத்தையும் கரைத்துவிடும். 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை டென்மார்க்குக்குள் புகுந்தபோது, கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆராய்ச்சிசாலையில் லாவே, பிராங்க் என்ற இரு ஜெர்மானிய விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது பெருங்குற்றம். பதக்கத்திலோ பெயர் வெட்டியிருந்தது. பிராங்க் யூத இனத்தில் பிறந்தவர். லாவே அந்த இனவெறியை எதிர்த்தவர். ஹெவெசி என்ற விஞ்ஞானி, சிப்பாய்கள் தெருவில் நடந்து வரும்போதே அப்பதக்கங்களை இராஜ திராவகத்தில் கரைத்துச் சீசாவை அலமாரியில் வைத்துவிட்டார். சோதனை போட்டவர்களுக்கு அது ஏதோ மருந்து நீராய்த் தெரிந்தது. யுத்தம் முடிந்தபின் சீசா இருந்தபடியே இருந்தது. தங்கத்தைத் திரும்பப் பிரித்தெடுத்து அனுப்ப, நோபல் ஸ்தாபனத்தார் பதக்கங்களைப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்று பேசி வந்த கூட்டத்தின் மூக்குக்கு முன்னாலேயே இரசாயனம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இப்பொழுது பட்டறைத் தோழர்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறோம். அந்தச் செங்கல் நிறப் புகை இருக்கிறதே, அது மகா மோசக்காரன். உள்ளே போகும்போது கொஞ்சம் இருமல் வரும். பிறகு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். நாமும் ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்போம். சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அப்போது பேய் அடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று வேப்பிலை தேடுவது ஆளைக் கொல்லுகிற காரியம். பழுப்புப் புகையை நிறையச் சுவாசித்தவர், நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன புகை என்று டாக்டரிடம் சொல்லவேண்டும். மூடிய அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. புகையை வெளியே இழுக்கும் குழாயும் விசிறியும் வைத்துக் கொடுப்பது முதலாளி செய்கிற தர்மம் அல்ல. அது தொழிலாளியின் உரிமை. பட்டறையில் ஆயுத பூஜைக்குச் செலவிடும் பணத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் நுரையீரலாவது மிஞ்சும்.

திராவகம் உடம்பில் பட்டால் மஞ்சள் பொடி, மை, நெய், சாணம் ஒன்றும் தடவாதீர்கள். பட்ட துணியைக் களைந்துவிட்டு, குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள், கண்ணில் பட்டாலும் அப்படியே, பிறகு ஆஸ்பத்திரி. நீர் கலக்கும்போது தண்ணீரில் திராவகத்தை மெல்ல ஊற்றவேண்டுமேயல்லாமல் திராவகத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. சிந்தியதை மரத்தூளாலும் சாக்காலும் துடைக்கக் கூடாது.

இன்னொன்று சொல்லவும் வெட்கமாயிருக்கிறது. சொல்லாமலிருப்பது அதைவிட வெட்கம். தன்னை மறுத்த பெண்ணின் முகத்தில் திராவகத்தை வீசுகிற ஈனத்தனம் நம் நாட்டில் நடந்து வருகிறது. பெண்ணை ஒரு சொத்தாக நினைக்கிறவனே அது தனக்குக் கிடைக்காவிட்டால் அழிக்க நினைப்பான். ஆகவே அவன் கையிலிருக்கும் திராவகத்துக்கு முன்னால் அவன் மூளையிலிருக்கும் திராவகத்தைப் பிடுங்கவேண்டும். 2013இல் சுப்ரீம் கோர்ட்டார் அடையாளச் சீட்டும் பதிவுப் புத்தகமும் இல்லாமல் திராவகம் விற்கக்கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டார்கள். அவ்வாண்டிலேயே இதற்கென்று தனிக் குற்றப்பிரிவும் ஏற்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 124ஆவது பிரிவுப்படி, திராவகத்தால் கொடுங்காயம் விளைவித்தால் பத்து வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள்வரை தண்டனை. அடிபட்டவருக்கு எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ உடனே செய்தாகவேண்டும். இதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கடைசியாக ஒன்று. வெள்ளியை இத்திராவகத்தில் கரைத்தால் வெள்ளி நைட்ரேட் என்ற உப்பு கிடைக்கும். அதன் நீரைத் தோலில் தடவினால் முதலில் ஒன்றும் தெரியாது; வெயிலில் கறுத்து, பல நாள் அழியாமல் நிற்கும். மந்திரவாதி இதைக்கொண்டு கையில் எழுத்தை வரவழைத்து, தெய்வம் எழுதிற்று என்று தட்சணை வாங்கலாம். ஆனால் இதே பொருள்தான் 1962ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தல் முதற்கொண்டு, மைசூரில் தயாராகும் மையில் சேர்ந்து, ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கப்பட்டு வருகிறது. மிராசுதாரர் விரலானாலும், சாக்கடை வாருகிறவர் விரலானாலும் ஒரே கறுப்பு. ஆளுக்கு ஒரே ஓட்டு. பொருள் ஒன்றுதான். ஒருவன் மறைத்து வைத்துக்கொண்டால் அது மூடநம்பிக்கை. எல்லோருக்கும் தெரிந்து பயன்பட்டால் அது சமத்துவம். எது வேண்டும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காகவும் நம்பவேண்டாம். பள்ளிக்கூட இரசாயன சாலையில், ஆசிரியர் முன்னிலையில், ஒரு செம்புத் துண்டைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.